கழி எத்தனை முழம்

எண்பத்து நான்கு ராடுகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் நீளமுள்ள இரும்பு ராடு. லாரியிலிருந்து எடுத்து அடுக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன். அப்போதும் எண்பத்து நான்குதான். மொத்த நீளம் இருநூற்று ஐம்பத்திரண்டு மீட்டர். எங்கள் ஊரையும் அக்கரையையும் பிரிக்கும் ஏரி ஓடையின் அகலம் எனக்குத் தெரியும், வலைக்கயிற்றால் அளந்திருக்கிறோம்: இருநூற்று முப்பது மீட்டரும் கொஞ்சமும். ஏரித் தரைக்குக் கீழே நன்றாக ஆழத்துக்குப் போய், அங்கிருந்து வளைந்து, அக்கரையில் மேலேறி வர இருபது மீட்டர் அதிகம் போதுமா என்ற கேள்வி அன்றே எனக்குள் விழுந்துவிட்டது.

"இன்னா பெரியவரே, எண்ணிட்டீங்களா?" என்று குழாய் போட வந்த சூப்பர்வைசர் கேட்டார். நாற்பது வயதிருக்கும். ஆந்திரப் பக்கத்துக்காரர், ஆனால் தமிழ் தடையில்லாமல் வரும்.

"எண்பத்து நாலு."

"எங்க லிஸ்ட்டுல எண்பத்தஞ்சு. ஒண்ண நீங்க எடுத்து வெச்சிக்கினீங்களா?"

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். எண்பத்தைந்தாவது ராடு இயந்திரத்திலேயே மாட்டியிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் அது என்னை உறுத்தியது.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டின்மேல் இருக்கிறது. குடிதண்ணீர் அக்கரையிலிருந்து நீல நிற டிரம்களில் படகேறி வரும். வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஆறு குடம். காற்று பலமாக இருந்து படகு வராவிட்டால் உப்புக் கிணறுதான். முன்பு ஒருமுறை ஏரித் தரையின்மேலேயே குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். படகுக் கோலும் வலைக் கழியும் குத்திக் குத்தி இரண்டாவது மழைக்காலத்தில் அது உடைந்தது. அதனால் இந்த முறை தரைக்கு அடியில் துளையிட்டு, அதற்குள் பிளாஸ்டிக் குழாயை இழுப்பதாகத் திட்டம். அக்கரையில் இயந்திரத்தை நிறுத்தி, ராடின்மேல் ராடாக மாட்டி மண்ணுக்குள் செலுத்திக்கொண்டே போவார்கள். எங்கள் கரையில் முனை வெளியே வந்ததும் துளையைப் பெரிதாக்கி, குழாயைக் கோத்து இழுத்துவிடுவார்கள். தண்ணீரில் இறங்கவே வேண்டியதில்லை என்றார்கள். தண்ணீரில் இறங்காமல் தண்ணீருக்குக் கீழே நடக்கும் வேலையை யார் போய்ச் சரிபார்ப்பது?

நான் முப்பத்தொரு வருடம் ஊரின் கிளை அஞ்சலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். மீன்பிடிக் குடும்பம்தான், ஆனால் என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் பலர் இன்னும் என்னைப் போஸ்ட்டாபீஸு என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் பாட்டுப் பட்டியல் என் கையில் இருக்கிறது. வெளியூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓடையில் எங்கள் ஊருக்கு மூன்று மீன்பிடி இடங்கள் உண்டு. முதல் இடத்தில்தான் இறால் கொழிக்கும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் விழாமல் இருக்க, நாற்பத்தெட்டு ஆட்களைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு பங்குக்கு முதல் இடம் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் கிடைக்கும். அன்று அந்த நான்கு பேரும் சவுக்குக் கழிகளை வரிசையாகத் தரையில் ஊன்றி, அவற்றில் வலையைக் கட்டி, ஏரித் தண்ணீர் வற்றிக் கடலுக்கு இறங்கும் நேரத்தில் கூடவே போகும் இறாலைப் பிடிப்பார்கள். கழி நான்கு முழத்துக்குமேல் மண்ணுக்குள் போகக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆழமாக ஊன்றிய கழி எந்த நீரோட்டத்துக்கும் அசையாது. அசையாத கழி இருந்தால் வலையை ஓடையின் நடுவரைக்கும் நீட்டலாம். அப்படி நீட்டினால் கீழ் இடத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் வராது. அதனால்தான் நான்கு. பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே 'கழி நான்கு' என்று எழுதி வருகிறேன்.

குழாய் போகப்போவது அந்த முதல் இடத்துக்குக் கீழேதான்.

ராடுகள் வருவதற்கு முன்பே, மழைக்கு முன்னால், அளவெடுக்க முதலில் வந்தவர் ஒரு பெண் பொறியாளர். குடையைப் பிடித்துக்கொண்டு, ஓடையில் எவ்வளவு தண்ணீர், முகத்துவாரம் எந்த மாதம் திறக்கும், தரை மண் அரித்துக்கொண்டு போகுமா என்றெல்லாம் கேட்டார். ஒன்பதாவது கேள்வி: "கழி மண்ணுக்குள்ள எவ்வளவு ஆழம் போகும்?" கலந்து பேசி எழுதிக் கொடுக்கிறோம் என்று ஊர்த் தலைவர் சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை வலைக்கூடத்தில் கூட்டம்.

"தண்ணி குடுக்க வந்தவங்களுக்குக் கழி இன்னாத்துக்கு?" என்றார் ஒருவர்.

"பறவைய எண்ண வந்தவங்க மொதல்ல நம்ம வலையத்தான் எண்ணினாங்க. அப்பால இன்னா ஆச்சு? அந்தப் பக்கம் போகாத, இந்தப் பக்கம் போகாதனு போர்டு வந்துச்சு."

"பாதியச் சொல்லு. பாதி சொன்னா பாதிதான் புடுங்குவாங்க."

சிரித்தார்கள். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பாதி என்று சொல்லலாம் என்பதை முதலில் ஆமோதித்தவன் நான்தான். இந்த ஊரிலிருந்து வெளியே போன எந்த எண்ணும் சும்மா திரும்பி வந்ததில்லை, நோட்டீஸாகத்தான் வந்திருக்கிறது. முப்பத்தொரு வருடம் அந்த நோட்டீஸ்களை வீடு வீடாகக் கொடுத்தவனும் நானே. ஆகவே 'கழியின் ஆழம் இரண்டு முழம்' என்று எழுதினேன். தரை அரிப்பு இரண்டு முழம் என்பதை ஒரு முழம் என்று குறைத்தேன். கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே தலைவரின் கையெழுத்து.

மழை முடிந்து முகத்துவாரம் திறந்து, இறால் ஓட்டம் தொடங்கிய நேரத்தில் இயந்திரம் வந்தது. தினமும் காலை ஏழு மணிப் படகில் அக்கரைக்குப் போவேன். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிமெண்டுக் கல்லின்மேல் உட்காருவேன். கறுப்புக் குழாய்கள், நீளவாக்கில் நீலக் கோடு போட்டவை, மொத்தம் இருபத்திரண்டு. இரண்டு குழாய்களின் வாயையும் சூடான தட்டில் வைத்து உருக்கி ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் மோதிரம் போல ஒரு பிதுக்கம் எழும். அப்படி இருபத்தொரு பிதுக்கங்களையும் விரலால் தடவிப் பார்த்தேன். பதினான்காவது ஒரு பக்கம் மெலிந்திருந்தது. சொன்னேன். சூப்பர்வைசர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, அதை வெட்டி மறுபடி ஒட்டச் சொன்னார். எனக்கு நிம்மதி வரவில்லை. இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவர் வேறு எதையாவது மறைக்கிறாரோ என்றுதான் தோன்றியது.

பிறகு நாற்பது மூட்டை வெளிர்ப் பொடி வந்தது. அதைத் தண்ணீரில் கரைத்துத் துளைக்குள் விட்டார்கள்.

"இது இன்னாது?"

"களிமண்ணு பெரியவரே. ஓட்டை மூடிக்காம இருக்க."

"ஏரியில கலந்தா இறாலுக்கு ஆவுமா?"

"நம்பிக்கை இல்லனா கொஞ்சம் எடுத்துனு போய்ப் பாருங்க."

ஒரு பிடி எடுத்துக்கொண்டுதான் போனேன். வீட்டில் ஒரு பேசினில் ஏரித் தண்ணீர் ஊற்றி, பொடியைக் கரைத்து, உயிரோடு மூன்று இறாலை விட்டேன். காலையில் மூன்றும் துள்ளிக்கொண்டிருந்தன. நான் இன்னும் ஒரு நாள் பார்க்க நினைத்திருந்தேன். அதற்குள் மருமகள் அவற்றைக் குழம்பில் போட்டுவிட்டாள்.

துளையிடத் தொடங்கிய இரண்டாம் நாள், முதல் இடத்தில் என் மகனுடைய பங்குக்குப் பாடு. காலையிலேயே அவனும் மற்ற மூன்று பேரும் கழி ஊன்றப் போய்விட்டார்கள். துளை அப்போது முப்பத்தோராவது ராடில் இருந்தது. முதல் இடம் முப்பத்தெட்டாவது ராடில் தொடங்கும் என்று கணக்கிட்டு வைத்திருந்தேன்.

மண்ணுக்குள் போகும் முனை எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மேலேயிருந்து பார்க்க ஒரு கருவி உண்டு. தரையில் என்றால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஓடையில் படகில் போய்த்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்ப் படகு ஒன்றைப் பேசியிருந்தார்கள். இடம் தெரிந்தவன் என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். கருவிக்காரர் திருப்பாலைவனம் பக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவர். நீந்தத் தெரியாது. மிதவைச் சட்டையின் பட்டையை நான்கு முறை இறுக்கிக் கட்டினார்.

"நாலு புள்ளி அஞ்சு," என்று அவர் போனில் சூப்பர்வைசருக்குச் சொன்னார்.

"எங்கேர்ந்து நாலரை?" என்று கேட்டேன்.

"மெஷின்லேர்ந்துதான். நான் புடிச்சிருக்கிற எடத்துலேர்ந்து."

"அப்போ நடுவுல இருக்குற தண்ணியும் அதுல சேத்தியா?"

"ஆமா, சேத்திதான்."

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். படகோட்டியைக் கோலை ஊன்றச் சொன்னேன். தண்ணீர் இரண்டு மீட்டரும் ஒரு விரற்கடையும். "மண்ணுக்குக் கீழ ரெண்டரைகூட வரல. நீங்க நாலரைனு எழுதுவீங்க. அப்பால யாரு தோண்டிப் பாக்கப் போறாங்க?"

அவர் கோபப்படவில்லை. "தண்ணியக் கழிச்சித்தான் எழுதுறோம் பெரியவரே. தரைக்குக் கீழ ரெண்டு புள்ளி நாலு வேணும், அவ்ளோதான். டிராயிங்க நீங்களே பாருங்க."

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த வரைபடத்தை எடுத்து நீட்டினார். ஓடையைக் குறுக்கே வெட்டினாற்போல் வரைந்திருந்தார்கள். முதல் இடத்தில் மூன்று சின்னக் கோடுகள். பக்கத்தில் 'கழி 0.9'. அதற்குக் கீழே 'இடைவெளி 1.5'. மூலையில், ஊராரின் கடிதப்படி என்று ஒரு குறிப்பு.

"உங்க ஊரு லெட்டருதான். நீங்க சொன்ன ஆழத்துக்குக் கீழ, அரிப்புக்கும் சேத்து, ஒண்ணரை மீட்டரு விட்டிருக்காங்க. பத்தாதா?"

பத்தாது. நான்கு முழம் என்றால் ஒன்று புள்ளி எட்டு. மீதி அறுபது சென்டிமீட்டர். முகத்துவாரம் அகலமாகத் திறக்கும் வருடங்களில் அந்த இடத்துத் தரை இரண்டு முழம் அரித்துப் போகும். அரித்த தரையில் ஊன்றும் கழி அவ்வளவும் கீழே இறங்கும். அறுபதிலிருந்து தொண்ணூறைக் கழிக்க முடியாது. ஏதோ ஒரு மழைக்குப் பிறகு எவனோ ஒருவனுடைய கழி குழாயைக் குத்தும். அப்போது அவர்கள் குழாயை எடுக்க மாட்டார்கள், கழியைத்தான் எடுக்கச் சொல்வார்கள். தண்ணீரைக் காட்டி முதல் இடத்தை மூடிவிடுவார்கள். மூன்று இடத்தில் சோறு போடுவது அது ஒன்றுதான்.

"கணக்கு சரியா பெரியவரே?" என்று கருவிக்காரர் கேட்டார்.

"கணக்கு சரிதான்," என்றேன். என்னை எங்கள் கரையில் இறக்கிவிடச் சொன்னேன்.

அப்போது முப்பத்து மூன்றாவது ராடு. புது ராடு மாட்டும்போதெல்லாம் இயந்திரத்தின் சத்தம் தணிந்து மறுபடி ஏறும். இக்கரையிலிருந்தே அதை எண்ண முடிந்தது.

தலைவர் வலைக்கூடத்தில் உட்கார்ந்து கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். அவருக்கும் என் வயதுதான். விஷயத்தைச் சொன்னேன்.

"வாய மூடிக்கினு இரு போஸ்ட்டாபீஸு," என்றார். "நாங்க அன்னிக்குப் பொய் சொன்னோம்னு இப்போ போய்ச் சொல்லுவியா? கழி அவ்ளோ ஆழமானு கேட்டு, இன்னிக்கே கழி போடாதனு சொல்லிடுவான்."

"சொல்லலனா நாளைக்குச் சொல்லுவான்."

"அந்த எடத்துல கழிய ரெண்டு முழத்தோட நிறுத்துங்கடானு நம்ம ஆளுங்ககிட்ட சொல்லிக்கலாம்."

"நிறுத்துவாங்களா?"

அவர் நூல் நுனியைத் தேடினார். "உன் புள்ள நிறுத்துவானா?"

"அவன் நாலுக்கு மேல ஒரு விரல்கூட எறக்க மாட்டான்."

"நாலு," என்று சொல்லிவிட்டுத் தலைவர் சிரித்தார். "நாலாம்."

எதற்குச் சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை. என் பிள்ளையைக் கிண்டல் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முப்பத்து நான்கு.

படகுத்துறையில் தண்ணீர்ப் படகுக்காகக் குடங்கள் வரிசையில் இருந்தன. மருமகள் அங்கே நின்றிருந்தாள். வலைக்கூடத்தின் ஓலைத் தட்டிக்குப் பின்னால்தான் வரிசை, அதனால் பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது.

"மெஷின நிறுத்தப் போறீங்களா மாமா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"போன தபா கொழாய் ஒடஞ்சப்போ நான் ஏழு மாசம் புள்ளத்தாச்சி. கொடத்தத் தூக்கினு நடந்தது நானு. எத்தினி நடைனு எண்ணினது நீங்க."

பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். வேலையை நிறுத்தக்கூடாது என்று சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

"இதுவும் ஒடையும்னு தெரிஞ்சா இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள். "ஒடஞ்சப்பறம் மறுபடி எண்ணினு ஒக்காராதீங்க."

அக்கரையில் நான் இறங்கும்போது முப்பத்தாறாவது ராடு பாதி உள்ளே போயிருந்தது. சூப்பர்வைசரிடம் நேராகச் சொன்னேன்: கடிதத்தில் இருப்பது பொய், எழுதியது நான், கழி நான்கு முழம் போகும். அவர் கையை உயர்த்தினார். இயந்திரம் தணிந்து நின்றது.

"யாரு அனுப்பினாங்க உங்கள?"

"யாரும் அனுப்பல."

"இத்தினி நாளு இங்கியே ஒக்காந்து ராடு எண்ணினீங்க, கொழாயத் தடவினீங்க, மண்ண எடுத்துனு போனீங்க. அப்பெல்லாம் ரெண்டு முழம். ஓடைக்கு நடுவுல வந்தப்பறம் நாலு. நாளைக்கு எட்டும்பீங்க. பக்கத்து ஊருக்காரங்க எதாவது சொன்னாங்களா? வேலைய நிறுத்தி எங்கள பேஜாரு பண்ணவா?"

"இல்ல."

"லெட்டரு எழுதினதும் நீங்க, மாத்திச் சொல்றதும் நீங்க. நான் எத நம்புறது?"

நான் வாழ்நாளெல்லாம் பிறரைக் கேட்ட கேள்வி அது. கழியைப் பிடுங்கிக் காட்டுகிறேன் என்று சொன்னேன்.

சொல்வது எளிது. ஒரு பங்கின் பாட்டு நாளில் அவர்கள் ஊன்றிய கழியை அடுத்தவன் தொடக்கூடாது. அண்ணன் தம்பியானாலும் கூடாது, அப்பனானாலும் கூடாது. நானும் சூப்பர்வைசரும் படகில் போய்ச் சேர்ந்தபோது நீர் வற்றத் தொடங்கியிருந்தது. வலை வயிறு புடைத்து நின்றது. இறால் ஓடும் நேரம் மிஞ்சினால் மூன்று மணி. ஒரு கழியை எடுக்க வேண்டுமென்றால் வலையை அவிழ்க்க வேண்டும், அவிழ்த்தால் அந்தப் பக்கம் முழுக்கத் தளர்ந்துவிடும்.

"தள்ளிப் போ நைனா," என்றான் மகன். "வத்தம் எறங்கிருச்சு, பாக்கல?"

"ஒரு கழியப் புடுங்கணும்."

"இன்னாத்துக்கு?"

சொன்னேன். அவன் சூப்பர்வைசரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நாளைக்கு வேற பங்கு வருது. அவங்க கழியப் புடுங்கேன்."

"நாளைக்குள்ள துளை தாண்டிப் போயிடும்."

"பன்னெண்டு நாளு காத்திருந்து வந்த நாளு நைனா."

"ஒரே ஒரு கழி. நாலு முழம் இருக்குனு இவருக்குக் காட்டினா போதும்."

கூட இருந்த மூவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் இருமினார். கோபம் என்று நினைத்தேன். பிறகு மகன் குரலைத் தணித்துச் சொன்னான்: "நீ கரைக்குப் போ நைனா. நான் புடுங்கி அவுருக்குக் காட்டுறேன்."

"நான் பாத்தா இன்னா?"

"நீ பாக்க வேணாம்."

அப்படி ஒருவன் சொன்ன பிறகு நான் நகர்வேனா? அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு கரையோரக் கழியிலிருந்து கயிற்றை அவிழ்த்தான். வலையின் ஓரம் தொய்ந்து நீரோட்டத்தோடு போனது. இரண்டு பேர் கழியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். அரை மணி நேரம் ஆனது. கடைசியில் சளக்கென்று வந்ததைப் படகின் குறுக்கே போட்டார்கள். மண்ணுக்குள் இருந்த பகுதி தார் பூசியதைப் போலக் கறுத்திருந்தது.

முழங்கையை நுனியில் வைத்து அளந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கறுப்பு முடியவில்லை. ஐந்து. அதற்குமேலும் கால் முழம். கறுப்பு முடிந்த இடத்திலிருந்து திரும்பவும் அளந்தேன். ஐந்தேகால்.

"நாலுனு சொன்னீங்க பெரியவரே," என்றார் சூப்பர்வைசர்.

"போஸ்ட்டாபீஸுக்கு நாலுதான்பா," என்றார் இருமியவர். "ஓடையில அல்லாருக்கும் அஞ்சுக்கு மேலதான்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. நாற்பத்தெட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது. தலைவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை வருடமாக, எத்தனை பாட்டுக்கு எதிரே, அவர்கள் சொன்னதை நம்பி நான்கு நான்கு என்று எழுதி வந்திருக்கிறேன். ஒரு நாளும் ஒரு கழியையும் நான் அளந்ததில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணியவன் இதை மட்டும் காதால் எண்ணியிருக்கிறேன்.

"மொகத்துவாரம் தொறந்துட்டா நாலு நிக்காது நைனா," என்றான் மகன். "சொன்னா நீ பட்டியல்ல எழுதிடுவ."

எழுதியிருப்பேன் என்பது உண்மைதான்.

சூப்பர்வைசர் கழியைப் போட்டோ எடுத்தார். "இப்போ நம்புறேன்," என்றார். "டபாய்க்க வந்தவரு இப்பிடி மாட்டிக்க மாட்டாரு." பொறியாளருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"சார்," என்றார் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. "அந்த லெட்டர்ல வேற எதையாவது பாதியா எழுதியிருக்கீங்களா?"

தரை அரிப்பு ஒரு முழம் இல்லை, இரண்டு முழம் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார். ஏன் குறைத்து எழுதினீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கழி ஆழம், இந்த முறை தனியாக அரிப்பு, அதற்குக் கீழே பழைய இடைவெளி, எல்லாம் சேர்த்துத் தரையிலிருந்து நான்கு புள்ளி எட்டு மீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும் என்று அரை மணியில் சொல்லி அனுப்பினார். ஊரிலிருந்து புதுக் கடிதமும் வேண்டும் என்றார்.

அன்று மாலைக்குள் பதினாறு ராடுகளை வெளியே இழுத்தார்கள். இருபதாவது ராடு வரைக்கும் பின்னுக்கு வந்து, அங்கிருந்து முனையைக் கீழ்நோக்கித் திருப்பினால்தான் அந்த ஆழத்துக்கு வளையும் என்றார் சூப்பர்வைசர். மகனுடைய பங்குக்கு அன்று இரண்டு கூடை குறைவு. பாடு கெட்டால் கெட்டதுதான், அதற்கு மாற்று நாள் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவனும் கேட்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வலைக்கூடத்தில் மறுபடி கூட்டம்.

"ஏழுனு எழுது," என்றார் தலைவர். "அவங்க எப்பிடியும் பாதிதான் தோண்டுவாங்க."

"எட்டாப் போடேன்."

"அளந்தது அஞ்சேகால்," என்றேன். "அதத்தான் எழுதுவேன். இந்தத் தபா எல்லாரும் கையெழுத்துப் போடணும். நாப்பத்தெட்டுப் பேரும்."

கையெழுத்துப் போட்டால் கட்டுப்பாட்டை மீறுவதை ஒப்புக்கொண்டதாகும். பக்கத்திலிருப்பவன் முதலில் போடட்டும் என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஊரில் ஒருவரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலைவர் கடிதத்தை வாங்கி, விளக்குக்கு நேராகப் பிடித்து, இரண்டு முறை படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் கீழே வைத்தார்.

என் மகன் எழுந்து வந்தான். என்னைப் பார்க்காமல் பேனாவை மட்டும் வாங்கி, முதல் வரியில் பெயரை எழுதினான். அவன் பங்குக்காரர்கள் மூவரும் வந்தார்கள். அதற்குப் பிறகு நின்று போட இடமில்லாமல் ஆனது. தலைவருடையது கடைசி, நாற்பத்தெட்டாவது. பட்டியலில் இனிமேல் கழிக்கு என்ன எழுதுவது என்று நான் கேட்டேன். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்து போனார்கள். இன்றுவரை அந்த இடத்தைக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து முனை முதல் இடத்துக்குக் கீழே வந்தது. கருவிக்காரர் என்னைப் பார்த்ததும் தானாகவே நகர்ந்து இடம் விட்டார். உப்புத் தண்ணீரில் கருவி தடுமாறுகிறது என்று இரண்டு முறை அணைத்துப் போட்டார். பிறகு திரையை என் பக்கமாகத் திருப்பினார். ஆறு புள்ளி ஒன்பது.

படகோட்டி கோலை ஊன்றினார். ஈரம் ஏறிய இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நீட்டினார். இரண்டு மீட்டர். கழித்தால் நான்கு புள்ளி ஒன்பது. வேண்டியதற்குமேல் பத்து சென்டிமீட்டர் அதிகம். அவர்கள் சொன்னபடியே செய்திருந்தார்கள், நாங்கள் சொன்னதும் இந்த முறை சரியாகவே இருந்தது. கருவிக்காரர் போனில் எண்ணைச் சொல்லிவிட்டு, போகலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

கோலை இன்னொரு தடவை ஊன்றச் சொன்னேன்.